பெரியவர் தட்டிய பாதி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. விளக்கை அணைக்க வேண்டாம். இது இருட்டில் நடந்த கதை இல்லை. பட்டப்பகலில், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் நடந்தது. அதனால்தான் அது இன்னும் என்னை விடவில்லை. ராத்திரியில் வருவது விடிந்தால் போய்விடும் என்று ஒரு ஆறுதலாவது உண்டு. பகலில் வருவது எப்போது போகும், சொல்லுங்கள்?

கட்டுக்கதை என்று நினைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவள் என் எதிரில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் வாயாலேயே சொன்னது இது. நடுவில் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் சமாசாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் எனக்குப் புரியவைத்ததை உங்களுக்குச் சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தப்பில்லை.

அவளுக்கு ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளைப் பார்க்கும் வேலை இல்லை, அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் வேலை. கடவுச்சொல்லை மறந்தவர்கள் எல்லாம் அவளிடம்தான் ஓடிவருவார்கள். அதனால் எல்லாருக்கும் அவள் சாவியம்மா.

"சாவியம்மா, என் பாஸ்வேர்டு காணாமப் போச்சு."

"எங்கே வச்சீங்க?"

"மூளையிலதான்."

"அப்போ கிடைக்காது. அங்கே ஒண்ணு வச்சா தங்குமா என்ன?"

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. யுனிக்ஸ் வகை. வருகிற ஒவ்வொருவருடைய கண்ணின் உட்புறத்தையும் படம் எடுத்து அதில்தான் சேர்த்து வைப்பார்கள். போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும். அந்த இயந்திரத்தில் எல்லாருக்கும் ஒரு கணக்கு உண்டு. அவரவருக்கு அவரவர் எல்லை. ஆனால் ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் எல்லையே கிடையாது. ரூட் என்று பெயர். வேர் என்று அர்த்தமாம். அந்தப் பெயரில் உள்ளே போகிறவர் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். 'நிஜமாகவா?' என்றுகூட இயந்திரம் கேட்காது. சொன்னதைச் செய்துவிடும்.

அவ்வளவு அதிகாரம் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று தலைமை டாக்டரம்மா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ரூட்டின் கடவுச்சொல்லை இரண்டாக வெட்டி, முதல் பாதியை இவளிடமும் பின்பாதியை இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டார். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் பூட்டு திறக்கும்.

அந்த இன்னொருவரைத்தான் எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெறப் போகிற வயது, முழங்கால் வலி, எப்போதும் ஒரு தைல வாசனை. விரலில் ஒரு மோதிரம். ஆள் மெலிந்து, மோதிரம் தளர்ந்து, தட்டும்போதெல்லாம் கீபோர்டின் விளிம்பில் இடிக்கும்.

முதலில் இவள் உட்கார்ந்து தன் பாதியைத் தட்டுவாள். அவர் கதவைப் பார்த்துத் திரும்பி நிற்பார். பிறகு இவள் எழுந்துகொள்வாள். அவர் உட்காருவார். நாற்காலி அவருக்கு உயரம். பக்கத்தில் இருக்கும் பிடியை அழுத்தி, 'புஸ்ஸ்...' என்று இறக்கிக்கொள்வார். அப்புறம் சொல்வார்:

"திரும்பிக்கோம்மா."

இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பின்னால் சத்தம் கேட்கும். டக் டக் டக்... டிங்... டக். அந்த டிங், மோதிரம் இடிப்பது. பிறகு:

"ஆச்சும்மா."

ஆறு வருஷம் இப்படி. தட்டுகிற கடவுச்சொல் திரையில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால், கண்ணுகளா, அவர்கள் தட்டுகிற அந்த மாடி அறை முன்பு கண் பரிசோதனை அறையாக இருந்தது. சின்ன அறை. எழுத்துப் பலகையைத் தள்ளி வைக்க இடம் இல்லாததால், எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, அதில் தெரியும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். அறை மாறியபோது பலகை போயிற்று. கண்ணாடி மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டது. கீழ் மூலையில் சிலந்தி மாதிரி ஒரு கீறல். அவள் திரும்பி நின்றது எந்தச் சுவரைப் பார்த்து என்று நினைக்கிறீர்கள்?

"நான் பாக்கலைங்க. கண்ணுல பட்டுச்சு" என்றாள் என்னிடம். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தேன்" என்றாள்.

முதல் வருஷம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மூடவில்லை. கொஞ்ச நாளில் அவர் விரல் போகிற வழி அவளுக்குப் பாடமாகிவிட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒருநாள் அவசரம். பாவம், முழங்கால் வலிக்காரர், அடுத்த கட்டிடத்திலிருந்து வந்து மாடி ஏற வேண்டுமே என்று இவளே இரண்டு பாதியையும் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறையும் ஒன்றும் ஆகவில்லை. முதல் தப்புக்குத் தண்டனை கிடைக்காவிட்டால் அது வழக்கமாகிவிடும், தெரியுமா?

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். சீக்கிரம் கிளம்ப வேண்டும். அன்றும் இரண்டு பாதியையும் இவளே தட்டியிருந்தாள். திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று, சோதித்துப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த வெற்று இயந்திரம். இன்னொன்று நிஜ இயந்திரம். வெற்று இயந்திரத்தில் இருக்கும் குப்பையை அழிக்க வேண்டும். அழிக்கச் சொல்லித் தட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டே திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னல் மாறிப்போயிருந்தது.

நாலு வருஷத்துக் கண்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. படங்களின் நகல்களைச் சேர்த்து வைக்கும் இயந்திரம் பழுதாகி, பழைய நகல்களும் போயிருந்த வாரம் வேறு.

ஜன்னல்களை மூடினாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலம். யார் செய்தது என்று இயந்திரத்தைக் கேட்டார்கள். 'ரூட்' என்றது. அதற்கு அந்த ஒரு பெயர்தான் தெரியும். இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். உன் பாதியை யாருக்காவது சொன்னாயா? இல்லை என்றார் அவர். இல்லை என்றாள் இவள்.

டாக்டரம்மா இவளைத் தனியாகக் கேட்டார். "அவருக்கு உன் பாதி தெரிஞ்சிருக்குமா?"

"தெரியலை டாக்டர். நான் தட்டும்போது அவர் திரும்பி நிக்கிறாருன்னுதான் நம்பினேன்."

பாருங்கள், அதில் ஒரு பொய்கூட இல்லை. கத்தி மட்டும் இருந்தது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிறவர் என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தர் பெயரை இன்னொருத்தருக்குச் சொல்கிறார் என்றார் இன்னொருவர். கடைசியில் அவரே நம்பிவிட்டார்.

"நான்தான் பண்ணியிருப்பேனோ டாக்டர்? இந்தப் பொண்ணு தட்டறது எப்பவோ காதுல விழுந்து மனசுல ஒட்டிக்கிச்சோ என்னவோ. எனக்கே இப்பல்லாம் எதுவும் நிக்கறதில்லை."

இவள் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் போய்விட்டார். துக்கம் கேட்கக்கூட இவள் போகவில்லை. கடவுச்சொல் முழுதும் இவள் கைக்கு வந்தது. முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் புதிதாக மாற்றினாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் மாடி அறையைப் பூட்டினாள். எல்லா வேலையையும் கீழே தன் மேஜையிலிருந்தே செய்தாள். மின்சாரக்காரர் உள்ளே போனால்கூட இவள் போவதில்லை.

சிரிப்பு குறைந்துபோயிற்று. "சாவியம்மா" என்று யாராவது கூப்பிட்டால் திடுக்கிடுவாள்.

இரண்டு வருஷம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"சாவியம்மா, மிஷின் புதுப் படம் எதையும் வாங்க மாட்டேங்குது. இடம் இல்லையாம். நாளைக்குக் காலையில ஆப்பரேஷன் இருக்கு."

வீட்டிலிருந்தே முயன்று பார்த்தாள். இயந்திரம் உள்ளே விடவில்லை. கீழே மேஜையிலிருந்தும் முடியாது, மாடி அறைக்கே நேரில் போக வேண்டும். இடம் உண்டாக்க வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். அதே வேலை. அதே இடம்.

விடுமுறை நாள். நடைபாதையில் ஆள் இல்லை. காவலாளி சாவியைக் கொடுத்தார்.

"தனியாவா போறீங்க?"

"பகல்தானே."

"பகல்தான்" என்றார்.

மாடி அறை. கதவைத் திறந்தாள். எல்லாவற்றின் மேலும் தூசி. மேஜையில், அலமாரியில், நாற்காலியின் கையில்.

கீபோர்டின் மேல் மட்டும் இல்லை.

துளி தூசி இல்லை. நேற்றுத் துடைத்தது போல.

மின்சாரக்காரர் துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியை உயர்த்தி உட்கார்ந்தாள். தைல வாசனை வந்தது. மருந்து அறை பக்கத்தில்தானே என்று நினைத்துக்கொண்டாள். பயந்தவர்களுக்குச் சமாதானம் சொல்ல மனசுக்குத் தெரியாதா?

ரூட் கணக்கைக் கேட்டாள். இயந்திரம் கடவுச்சொல் கேட்டது. தட்டினாள்.

'மன்னிக்கவும். மறுபடி முயலுங்கள்.'

தப்பாகத் தட்டினால் அந்த வகை இயந்திரம் அப்படித்தான் சொல்லுமாம். ஆங்கிலத்தில் வரும், அர்த்தம் இதுதான். மறுபடி தட்டினாள்.

'மன்னிக்கவும்.'

மூன்றாவது முறை.

'மன்னிக்கவும்.'

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள். கேட்டுக்கொண்டிருந்தது இயந்திரம்.

மூன்று முறை தவறினால் பொறுப்பாளருக்கு ஒரு தகவல் தானாகப் போகும். அது பழைய ஏற்பாடு. அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. அந்தத் தகவல் யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதை அவள் மாற்றவே இல்லை.

அது இன்னும் பெரியவர் பெயருக்குத்தான் போகும்.

போயிற்று.

மணி பன்னிரண்டே முக்கால். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. அறைக்குள் கை விறைத்தது.

நாலாவது முறை. முதல் பாதியைத் தட்டினாள். விரல் நின்றுவிட்டது. அடுத்தது என்ன? தினமும் தட்டுகிற பின்பாதி... நினைவில் இல்லை. ஓர் எழுத்துக்கூட இல்லை. 'எனக்கே எதுவும் நிக்கறதில்லை' என்றாரே ஒருவர், அவர் தலைக்குள் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது அவளுக்கு.

எழுந்தாள்.

அவளாக எழவில்லை. கால்கள் எழுந்தன. ஆறு வருஷப் பழக்கம். முதல் பாதி முடிந்தால் எழ வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும்.

நின்றாள்.

எதிரே கண்ணாடி. மூலையில் சிலந்திக் கீறல். அதில் அவள் முகம். முகத்துக்குப் பின்னால் காலி நாற்காலி.

நாம் ஏன் எழுந்தோம்?

பின்னால் ஒரு சத்தம்.

புஸ்ஸ்...

கண்ணாடியில் பார்த்தாள். நாற்காலி மெல்ல இறங்கியது. யாரோ உட்கார்ந்தது போல. யாரும் இல்லை.

டக்.

விசை ஒன்று அமுங்கி எழுந்தது.

டக் டக்...

கண்ணை மூட நினைத்தாள். மூடவில்லை. அன்றும் மூடவில்லை, இன்றும் மூடவில்லை.

டிங்...

டக்.

அது பழைய பாதி. அவள் எப்போதோ மாற்றிவிட்ட பாதி. அதைத் தட்டினால் திறக்காது. திறக்கவே கூடாது...

காதோரம், மிக அருகில்:

"ஆச்சும்மா."

திரும்பினாள்.

நாற்காலி காலி.

திரை திறந்திருந்தது. ரூட்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது. அவளுக்குத் தெரிந்த கட்டளைதான். 'நான் யார்?' என்று இயந்திரத்தைக் கேட்கிற கட்டளை. ரூட்டாக உள்ளே இருக்கும்போது அதற்கு ஒரே பதில்தான் வரும். 'ரூட்.' வேறு வர வழியே இல்லை.

பதில் வந்தது.

அவள் பெயர்.

அப்பா அம்மா வைத்த பெயர். முழுப் பெயர்.

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தரையில்.

"நான்தான் சார்" என்றாள். "நான்தான்... நான்தான் பண்ணேன்."

திரை அணைந்தது.

எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. காவலாளி தண்ணீர் கொடுத்தாராம்.

மறுநாள் காலையில், இடமே இல்லை என்று சொன்ன அதே இயந்திரத்தில் பாதி இடம் காலியாக இருந்தது. எதுவும் அழிந்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், எல்லாப் படமும் இருந்தது. இதற்கு இன்றுவரை யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை.

அவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"அந்த ரெண்டு பாதியையும் நான்தான் டாக்டர் தட்டினேன்."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ அவர்கிட்ட நான் பேசினதெல்லாம்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "இதை நீ என்கிட்ட சொன்னா போதாது. எங்கே போய் சொல்லணும்னு உனக்கே தெரியும்" என்றார். இவளிடமிருந்து எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பலகையில், தவறு பெரியவருடையது இல்லை என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இவள் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி திறந்தார்.

"யாரும்மா?"

"ஆஸ்பத்திரியில சார்கூட வேலை பார்த்தேன்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்த அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "உட்காரு" என்றார். இவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியில் பார்த்ததை, ஜன்னல் மாறியதை, வாய் திறக்காமல் நின்றதை. சொல்லி முடித்துவிட்டு, விழப்போகிற அடிக்குக் காத்திருந்தாள்.

அடி விழவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா இவ்வளவு நாளாக்கினே? உயிரோட இருந்த மட்டும், வாசல்ல சத்தம் கேட்டாப் போதும், 'அவளா பாரு, அவளா பாரு'ம்பாரு. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. 'ஒருத்தி வருவா, வந்து ஒண்ணு சொல்லுவா'ன்னு மட்டும் சொல்லுவாரு."

இவள் ஓரடி முன்னால் வந்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? கடைசி நாள் சாமானை எடுக்கப் போனப்போ, நீ நிக்கிற இடத்துல ஒரு தடவை நின்னு பாத்தாராம். அவ்வளவுதான் சொன்னாரு. சாகறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிட்டாரு. அவ வந்து தானா சொன்னா இதைக் கொடு, சொல்லலைன்னா கொடுக்காதேன்னாரு."

உள்ளே போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து எதையோ இழுத்து வந்தார். போர்வை சுற்றியிருந்தது. பிரித்தார்.

கண்ணாடி. கீழ் மூலையில் சிலந்தி மாதிரி ஒரு கீறல்.

"இது... இது எப்போ இங்கே வந்தது?"

"அதான் சொன்னேனே, அவரோட கடைசி நாள். அங்கே கதவு ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்த தச்சர்கிட்ட சொல்லி, சுவத்துலேர்ந்து கழட்டி எடுத்துக்கிட்டு வந்தாரு. ரெண்டு வருஷமா பீரோவுக்குப் பின்னாலதான் கெடக்கு."

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரில் அவள் எதைப் பார்த்தாள்? பிறகு காவலாளியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள், கண்ணுகளா. வெறும் சுவர். திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும். அவற்றில் ஒட்டடை.

அந்த அம்மாள் போர்வையை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நல்லவேளை, எலி எதுவும் கடிக்கலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்தப் போர்வைக்குள்ளேர்ந்து ஒரே சத்தம். டக்கு டக்குன்னு. நடுவுல ஒரு தடவை... டிங்னு."

அவ்வளவுதான். எழுந்து போய்ப் படுங்கள் என் செல்வங்களே. உங்கள் வீட்டில் ஒருவர் தப்பு இன்னொருவர் தலையில் விடியாமல் இருக்கட்டும். சொல்ல வேண்டிய சொல், கேட்க வேண்டியவர் காது இருக்கும்போதே போய்ச் சேரட்டும். உங்கள் கதவு தட்டப்படும்போதெல்லாம், நீங்கள் காத்திருந்தவர்களே உயிரோடும் சிரிப்போடும் வாசலில் நிற்கட்டும். குடும்பம் நிறைந்து நன்றாயிருங்கள்.